மூன்றாம் பக்கத்துக் கூச்சல்

மேடையில் பாடும்போதே பதிவு செய்த லைவ் ரெக்கார்டைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. ஸ்டூடியோவில் பாடியதுதான் சுத்தம், இதில் பாட்டைவிடக் கூச்சல் அதிகம் என்பார்கள். வாஸ்தவம்தான். எங்கள் வீட்டில் இருந்த ஒரே ரெக்கார்டு அந்த மாதிரிதான். அதை நாங்கள் வைத்திருந்ததே கூச்சலுக்காக.

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா இறந்த மறு வருடம் அண்ணன் கப்பல் வேலைக்குப் போனான். நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த கம்பித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய யாரோ ஒரு கப்பல்காரர் மூலமாக அண்ணனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரே அட்டைக்குள் இரண்டு பெரிய இசைத்தட்டுகள், மொத்தம் நாலு பக்கம். அட்டையில் தோள்வரை முடி வளர்த்த நாலு வெள்ளைக்காரர்கள். கூடவே ஒரு துண்டுக் கடிதம். லண்டனில் இவர்கள் கச்சேரிக்குப் போனேன், அங்கேயே பதிவு செய்தது இது, நம் ஏரியில் கொடுக்கிற மாதிரி குரல் கொடுத்தேன், அம்மாவுக்குப் போட்டுக் காட்டு என்று எழுதியிருந்தான்.

பனி மூடிய காலைகளில் ஏரியில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் குரல் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். அண்ணனுடையது அடியில் தொடங்கி, நடுவில் ஒரு தரம் அறுந்து, பிறகு மேலே ஏறும். கரையில் உட்கார்ந்து மீன் பிரிக்கிற அம்மா தலையைத் தூக்காமலே, "பெரியவன் வந்துகினு இருக்கான்" என்பாள்.

ரெக்கார்டு வந்துவிட்டது, போட்டுக் கேட்கத்தான் வழியில்லை. கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டி ரெக்கார்டு போடுகிறவர் ஒருவர் இருந்தார். முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை அவர் கடைக்கு அழைத்துப் போனேன். முதல் பாட்டையே அவரால் பாதிக்கு மேல் தாங்க முடியவில்லை.

"இன்னாபா இது, தகர டப்பாவ உருட்டறா மாதிரி இருக்குது. இத கல்யாணத்துல போட்டா பொண்ணு ஊட்டுக்காரன் என்னிய கட்டி வச்சி ஒதைப்பான்."

"பாட்டு வேணாம் நைனா," என்றாள் அம்மா. "ஜனங்க கத்தறாங்க பாரு, அத மட்டும் போடு."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் பாட்டு முடிகிற இடமாகப் பார்த்து முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்தார். அம்மா ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் பக்கம், இரண்டாவது பாட்டு முடிந்ததும் கையைத் தூக்கினாள்.

"இதோ. கேட்டியா?"

எனக்குக் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் கத்துகிறார்கள், கை தட்டுகிறார்கள், எவனோ விசில் அடிக்கிறான். அதற்குள் அவனை எங்கே தேடுவது? சும்மா தலையாட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை. ஞாயிறு தவறாமல் அம்மா ஒரு கூடை நண்டோடு மைக் செட் கடைக்குக் கிளம்பினாள். துணைக்கு நான். மற்ற பக்கங்கள் புதிதாகவே இருக்க, அந்த இடம் மட்டும் தேய்ந்து கரகரத்தது. பக்கத்திலேயே இருக்கிற என் பேச்சை அம்மா ஒரு நாளும் இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்று எனக்கு ஆத்திரம். அதைவிடப் பெரிய ஆத்திரம், எனக்கு மட்டும் அவன் குரல் கேட்கவில்லையே என்பது. எனக்கும் அவன் வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, அண்ணனோடு ஒரே கப்பலில் இருந்த எண்ணூர்க்காரர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். ரெக்கார்டு பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"டிக்கெட்டே கெடைக்கல தம்பி. நானும் அவனும் வெளிய செவுத்தாண்ட நின்னுகினு கேட்டோம். ரெக்கார்டு அப்பால கடையில வாங்குனது."

"இப்போ எங்க இருக்கான்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அடுத்த கப்பல்ல அவன் ஏறல. அதுக்கப்புறம் நாங்க யாரும் பாக்கல."

மூன்று வாரம் மனசிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது ஞாயிறு, சனி இரவு ஷிப்டை முடித்துவிட்டுத் தூங்காமல் அம்மாவோடு போனேன். இன்றைக்கு நல்லா கேக்குது என்று அவள் சொன்னதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அவன் உள்ளயே போகல. டிக்கெட் இல்லாம தெருவுல நின்னுகினு இருந்தான். கூட நின்னவரே சொல்லிட்டாரு. இத்தோட இந்தப் பேஜார உடு."

மைக் செட்காரர் முள்ளைத் தூக்கிவிட்டார். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"தெருவுலன்னா, கிட்டக்கதான நின்னான்?"

"ஆமா."

"ஏரியில அந்தாண்ட கரைக்குக் கேக்கற கொரலு அது. ஒரு செவுரு தாண்டி உள்ள கேக்காதா?"

மைக் செட்காரர் யாரையும் கேட்காமல் அதே இடத்தில் முள்ளை வைத்தார். அன்றுதான் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மேடையை விட்டேன், கை தட்டுகிறவர்களை விட்டேன், அவர்களுக்கும் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்தேன். அவனைப் பிடிப்பதற்குள் கூச்சல் அடங்கி அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

"இன்னொரு வாட்டி போடுங்க," என்றேன். அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் அதைக் கேட்டது நான்தான்.