கமலா அன்ரியின் மறுமொழி

கமலா அன்ரி இறந்துவிட்டார் என்று அவருடைய மகன் ரகு தொலைபேசியில் சொன்னபோது "எப்ப?" என்று மட்டும் கேட்டேன். உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையில் அதுகூடப் பேசவில்லை. பெட்டியருகே நின்ற ஒரு பெரியவர், "மனுசி அண்டைக்கு ஓம் எண்டிருந்தால் உவன் இப்ப ரிவியில விளையாடுவான். கெடுத்தது தாய்தான்" என்று ரகுவின் காதுபடச் சொன்னார். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கனடாவில், மல்வேர்னில் அவர்கள் எங்களுக்குக் கீழ்வீடு. கணவரை ஊரிலேயே இழந்தவர் அன்ரி. பகலில் ஒரு ஹோட்டலில் சலவை வேலை. பின்னேரங்களில் ரகுவின் பேஸ்போல் ஆட்டம். விளையாட்டு அவருக்கு விளங்காது. "இவன் எறியிறான், மற்றவன் அடிக்கேல்லை, எல்லாரும் கைதட்டுகினம். அப்ப எங்கட பிள்ளை கெட்டிக்காரன்தானே?" என்பார்.

தொண்ணூறாம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க அணியொன்றுக்கு ஆள் தேடுபவர் வீட்டுக்கு வந்தார். தன்னைப் பற்றிய பேச்சை ரகுவே மொழிபெயர்ப்பது அழகில்லை என்று அன்ரி என்னைக் கூப்பிட்டார். வந்தவர் அன்ரி பொரித்து வைத்த ரோல்ஸை விடாமல் சாப்பிட்டார். "உவர் தின்னுறதைப் பாத்தால் சம்பந்தம் முற்றாயிட்டுது போல" என்றார் அன்ரி. சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டேன்.

இன்றே கையெழுத்து வைக்கலாம் என்றார் வந்தவர். அன்ரியின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் ரகு, தலை நிமிராமல், "அம்மா, எனக்குப் பயமாக் கிடக்கு. பிறகு பாப்பம் எண்டு சொல்லுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ" என்றான். அவனுக்குப் பதினேழு வயது.

அன்ரி அவனைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "படிப்பு முடியட்டும், அடுத்த வருசம் வாங்கோ எண்டு தாய் சொல்லுறா எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். வந்தவர் போனதும், "ஆர் கேட்டாலும் மறிச்சது நான்தான். விளங்குதோ?" என்றார் அன்ரி. "கேட்ட உடனை ஓம் எண்டால் எங்களுக்கு மதிப்பில்லை. விருப்பமெண்டால் திரும்ப வருவினம்." கலியாணப் பேச்சில் அப்படித்தான் நடக்கும். இதிலும் நடக்கும் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

அடுத்த ஆண்டு விதி மாறியது. அதுவரை கனடாப் பிள்ளைகள், கேட்டு வரும் எந்த அணியோடும் பேசிச் சேரலாம். இனி அவர்களுக்கும் டிராஃப்ட். அணிகள் முறைவைத்துப் பெயர் சொல்லும்; பெயர் சொன்ன அணியோடு மட்டுமே பேசலாம். வந்து போன மனிதர் தொலைபேசியில் வருத்தப்பட்டார். தன் அணியின் முறை வருமுன் வேறு அணி ரகுவை எடுத்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

"பொம்பிளை பாக்க வாறவையையெண்டால் திருப்பி அனுப்பலாம்," என்றார் அன்ரி. "உது சீட்டுக் குலுக்கிறதெல்லோ?"

முன்பின் தெரியாத ஓர் அணி, கடைசிச் சுற்றுகளில் ரகுவின் பெயரைச் சொன்னது. தந்ததை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பயத்தோடே போனான். இரண்டு கோடை விளையாடி, முழங்கை வலியோடு திரும்பினான். இப்போது பக்கத்து நகரமான அஜக்ஸில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான்.

கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் அன்ரியிடம் ஏன் மறித்தீர்கள் என்று கேட்காத ஆளில்லை. "ஓம், என்ர பிழைதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை, ஏன் பழியை ஏற்கிறீர்கள் என்று அவரிடமே கோபப்பட்டேன். "எனக்கும் களைச்சுப்போச்சு பிள்ளை," என்றார். "ஆனா உதை அவன் சுமக்கிறதிலும் பாக்க நான் சுமக்கிறது லேசு."

ஒருவர் தன் பயத்தைத் தானே சொல்லும்வரை அதை வெளியே விடாதிருக்கும் பழக்கத்தை அன்ரியிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். மலர்ச்சாலையில் வாய் திறக்காததும் அதனால்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று, சாப்பாட்டுக்கு முன், ரகு எழுந்து நின்று சொன்னான்: "அண்டைக்கு வேண்டாமெண்டது அம்மா இல்லை. நான்தான். எனக்குப் பயம்."

மலர்ச்சாலையில் தாயைக் குறைசொன்ன அந்தப் பெரியவர் அவன் தோளைத் தட்டினார். "நல்ல பிள்ளை. செத்த பிறகும் தாயை விட்டுக்குடுக்கிறானில்லை."

என்னைத் தவிர ஒருவரும் அவனை நம்பவில்லை. இலை போட்டார்கள், சாப்பிட்டோம்.