ஜமீனுக்கு என்ன சிக்னல்?

குளியலறைக்கு வெளியே நின்று, வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, இரண்டு விரலால் கதவைச் சுட்டி, "பச்சை!" என்கிறார் லட்சுமணன். அடுப்படியில் தோசையைத் திருப்பியபடி அவர் மனைவி சுமதி, "பச்சை" என்கிறாள். அந்தப் பதில் வந்தால்தான் கை இறங்கும், கதவு திறக்கும். உள்ளே ஆள் இருந்தால் "சிவப்பு!" அதையும் அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருநாள் அவள் மறந்துவிட, மனிதர் தோளில் துண்டும் நீட்டிய கையுமாக முக்கால் மணி நேரம் நின்றார் என்று எங்கள் மல்காஜ்கிரிப் பேட்டை முழுக்க நான் சொல்லி வைத்திருக்கிறேன். நம்ப முடியாதவர்கள் அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு லட்சுமணன் சரக்கு ரயில் ஓட்டுகிறவர். சொந்த ஊர் மானாமதுரை, வயது ஐம்பத்தாறு, மீசை அதைவிடக் கொஞ்சம் முதியது. எஞ்சினில் ஒவ்வொரு சிக்னலையும் கை நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கும் உதவி ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். முப்பத்தோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது எலும்பில் இறங்கிவிட்டது. ஸ்கூட்டரில் போனாலும் விடமாட்டார். முனையில் அவர் "சிவப்பு!" என்று குரல் கொடுத்த பிறகுதான் எங்கள் தெரு நாய்கள் ரோட்டைக் கடக்கின்றன.

அதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "தெரியிறதத்தான் சொல்லணும் டீச்சரம்மா. ஆசைப்படுறதச் சொல்லக்கூடாது." என் பாயசத்துக்கே "மஞ்சள்" கொடுத்த மனிதர்.

இவ்வளவு பெரிய வண்டியை இழுக்கிறவர் பயந்தாங்கொள்ளி என்றால் யார் நம்புவார்கள்? காஸ் சிலிண்டரை மூன்று முறை திருகிப் பார்ப்பார். லிஃப்டில் ஏறமாட்டார். கேட்டால் வெட்கப்படவும் மாட்டார். "பயம் இல்லாதவன் எஞ்சின்ல ஏறக்கூடாதுங்க. பிரேக்கப் போட்டாச்சுன்னாலும் வண்டி நிக்காது. ஒரு கிலோமீட்டர் சும்மா பார்த்துக்கிட்டே போகணும். அந்த ஒரு கிலோமீட்டருக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்." இதைச் சொல்லும்போது அவர் கண் எதையோ பார்க்கும். என்ன என்று நான் கேட்டதில்லை. நான் கேட்காமல் விட்ட கேள்வி இந்த ஊரில் அது ஒன்றுதான்.

அந்த வீட்டில் பயமே இல்லாத ஜீவன் ஜமீன்தான். ஜமீன் என்பது சுமதி வளர்க்கும் நீல நிற ஃபைட்டர் மீன். ஆள்காட்டி விரல் நீளம். பட்டு வேட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் ஒரு வால். லட்சுமணனின் மீசையை எதிரி என்று நினைத்து, செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் வந்து முட்டும். அவர் ஓரடி பின்வாங்குவார்.

ஜனவரியில் சுமதிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்பதால் அவள் தங்கை கூட இருந்தாள். இவருக்குச் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரைதான் அனுமதி. போகும்போது சுமதி சொன்னது ஒன்றே: "ஜமீனைப் பார்த்துக்கங்க. காலையில நாலு உருண்டை. அவ்வளவுதான்." பயந்த மனிதர், போதாமல் போய்விடுமோ என்று எட்டு போட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கதவைத் தட்டினேன், திறந்துதான் இருந்தது.

தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஜமீன் அடியில், கூழாங்கல்லை ஒட்டி ஒருக்களித்துக் கிடந்தது. வால் நனைந்த ரிப்பனாகச் சுருங்கி, நீலம் பலமுறை துவைத்த சட்டையாக வெளுத்திருந்தது. செவுள் ஒருமுறை அசைந்தது. அடுத்த அசைவுக்கு நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம்.

"என்ன கலர்னு தெரியலை டீச்சரம்மா."

"சிக்னல் விளக்கே எரியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"சிவப்புன்னு எடுத்துக்கணும்." "நேத்து ராத்திரி சுமதிக்கும் காய்ச்சல் வந்திருச்சாம். ரெண்டும் ஒரே கப்ளிங் கொக்கியில மாட்டியிருக்குங்க. ஒண்ணு தடம் புரண்டா…"

"வாயைக் கழுவுங்க" என்றேன்.

அழுக்குதான் காரணம் என்று அவர் விடியற்காலையிலேயே தொட்டியை முழுக்கக் கவிழ்த்து, ஃபில்டர் தண்ணீரை நிரப்பியிருந்தார். அதற்குப் பிறகுதான் மீன் இன்னும் மோசமானதாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டால் எண்ணே வரவில்லை. "லோ" என்று மட்டும் காட்டியது. அதைப் பார்த்ததும் எழுந்து போய், கொதிக்கும் கெட்டிலோடு வந்தார்.

நல்லவேளையாக அதற்குள் ஜமீனை வாங்கிய கடைக்கு நான் போன் போட்டிருந்தேன். கடைக்காரர் ஹம்சா ஆம்பூர்க்காரர். நடந்ததையும் கெட்டிலையும் நான் சொன்னதும் ஸ்பீக்கரில் அவர் போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டது.

"நக்கோ சாப், நக்கோ! வேணாம்! கெட்டிலைக் கீழ வைங்க! மீன் குழம்பா வைக்கிறீங்க?"

லட்சுமணன் வைத்தார்.

"அது வெயில் ஊரு மீன். இந்தக் குளிர்ல உடம்பு ஓடாது, தின்னது செரிக்காது. முழுத் தண்ணியையும் மாத்தினீங்களா? காய்ச்சல்காரனைத் தூக்கி வேற ஊர்ல போட்ட மாதிரி ஆச்சு. இனிமே தீனி ரெண்டு நாளைக்குக் கிடையாது. தண்ணியை நாலு விரக்கடைக்குக் குறைங்க. அது மேல வந்து காத்து குடிக்கிற ஜாதி; இப்ப ஏற முடியாது. தொட்டியை வெதுவெதுப்பான தண்ணியில உட்கார வைங்க. மெதுவா சூடு ஏறணும். மெதுவான்னா மெதுவா! ஹீட்டரை நான் மத்தியானம் கொடுத்து அனுப்புறேன்."

லட்சுமணன் முகத்தில் முதல்முறையாக ஏதோ புரிந்தது. "ஒவ்வொரு நாட்ச்சா ஏத்தணும்" என்று முணுமுணுத்தார். ஐம்பத்தெட்டு வேகன் பின்னால் இருக்கும்போது எஞ்சின் பிடியை ஒரேயடியாகத் திருகினால் நடுவில் கொக்கி அறுந்துவிடுமாம். ஒரு பல் ஏற்றி, வண்டி அதை ஏற்றுக்கொண்டதா என்று பார்த்து, பிறகுதான் அடுத்த பல்.

துணி ஊறவைக்கும் டப்புக்குள் தொட்டி உட்கார்ந்தது. கால் மணிக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், டப்பில் மட்டும். ஊற்றும் முன் தன் முழங்கைமேல் விட்டுப் பார்ப்பார், குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவர் மாதிரி. வாட்ச்மேன் கூட்டிக் குவித்த காய்ந்த பாதாம் இலையில் நல்லதாக ஒன்றை, ஹம்சா சொன்னபடி, நான் கழுவிப் போட்டேன். தண்ணீர் இளந்தேநீர் நிறத்துக்கு வந்தது. ஜமீன் மட்டும் அசையவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. சுமதி.

"என்னங்க, ஜமீன் எப்படி இருக்கான்?"

நான் எதிரில் நின்று, பச்சைன்னு சொல்லுங்க, பச்சை, பச்சை என்று வாயை மட்டும் அசைத்தேன். பொய் சொல்வதில் எனக்கிருக்கும் அனுபவத்தை முழுதாக அவருக்குத் தானமாகக் கொடுக்கத் தயாராக இருந்தேன். லட்சுமணனின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்வை வழிந்தது.

"இன்னும் தூரமா இருக்கு சுமதி. கிட்டப் போய்ச் சொல்றேன்."

"சரி" என்று சின்னக் குரல் வந்தது. "நாலு மணிக்கு வரும்போது சொல்லுங்க."

"பச்சைன்னா வாய் வெந்தா போயிரும்?" என்று சீறினேன்.

"இருபத்தாறு வருஷமா நான் சொல்றதை அவ திரும்பிப் பார்க்காம நம்புறா. அவ முதுகுக்குப் பின்னால எப்படி மாத்திச் சொல்லுவேன்?"

ஒரு மணி. இரண்டு மணி. ஹீட்டர் வந்தது, அதைப் பொருத்தி, அதிலும் ஒவ்வொரு பல்லாக ஏற்றினார். சாப்பிடவில்லை. தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. அவர் சொல்லும் அந்த ஒரு கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த கை, மடியில் மல்லாந்து கிடந்தது.

மூன்றரைக்கு வால் பிரிந்தது. ஜமீன் தலையைத் தூக்கி, பாதி ஏறி, சறுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது, சாய்ந்து சாய்ந்து, நாலு விரல் உயரத்தை மலை போல. மேலே வந்து வாயைத் திறந்து ஒரு மிடறு காற்று குடித்தது. கீழே போகாமல் பாதாம் இலைமேல் படுத்துக்கொண்டது.

லட்சுமணன் எழுந்தார். சுமதிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் அலமாரிமேல் வைத்தார். முதுகை நிமிர்த்தி, வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, இரண்டு விரலால் தொட்டியைச் சுட்டினார்.

"ரெட்டை மஞ்சள்."

போகலாம், ஆனால் வேகத்தைக் குறைத்து, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு என்று அதற்கு அர்த்தம். சுமதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

போனில், வார்டில் எங்கோ ஒரு தள்ளுவண்டி உருளும் சத்தம். யாரோ இருமினார்கள். நீட்டிய கையை அவர் இறக்கவில்லை.

"ரெட்டை மஞ்சள்" என்றாள் சுமதி.

கை இறங்கியது. இறங்கிய கை தொட்டியின் கண்ணாடியில், காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்பதுபோல், முழு உள்ளங்கையும் பதிய ஒட்டிக்கொண்டது.