ஒரு சிட்டிகை உப்பு மண்

கூரம் கிராமத்துக்கு அப்பால் இருளர்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிலத்தில், எந்த மரம் நடுவது, அதன் நிழலில் எந்தப் பயிர் வைப்பது என்று திட்டம் போட வந்த விவசாய அதிகாரிக்கு நான் குமாஸ்தா. அவருக்கு வெள்ளைச் சட்டை, முன்னால் போகும் தொப்பை, மண்ணைக் கண்டால் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம். மரம் நட அவர் குறித்த இடங்களில் இருளர்கள் யாரும் குழி வெட்டவில்லை.

அன்றும் மண்ணை ருசித்துவிட்டு, "உப்பு இருக்குது. இங்க தென்னை வரும்" என்றார்.

பார்த்துக்கொண்டிருந்த இருளப் பெண் ஒருத்தி, "பசிச்சா கேக்கறதுதானே சாமி, மண்ண ஏன் துன்றீங்க?" என்று ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்தாள்.

ஒரு வாய் குடித்தவர், "உப்பு பத்தலயேம்மா" என்றார்.

"காலுக்குக் கீழதான் கீதுன்னீங்களே. போட்டுக்குங்க."

குனிந்து ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டுக் கலக்கி, சொட்டு விடாமல் குடித்தார். மறுநாள் அவர் குறித்த இடமெல்லாம் குழி வெட்டியிருந்தது.

மரியாதைக்காகத்தான் குடித்தார் என்று நினைத்திருப்பேன். ஆனால் அன்றே கேட்டு வாங்கிய இரண்டாவது சொம்புக்கு, யாரும் சொல்லாமல் அவரே மண்ணெடுக்கக் குனிந்தார்.