எலுமிச்சைக்கு முடிவெட்டியவர்

எங்கள் தோட்டக் கழகத்தில் பதினோரு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்கு மற்றவர்கள் போவோம். ரசிக்கத்தான் போகிறோம் என்று பெயர். பாதி நேரம் வயிற்றெரிச்சல்தான்.

கழகத்துக்கு உயிரே சலூன்கார அண்ணன்தான். முப்பது வருடமாக ஒரே கடை, ஒரே நாற்காலி. ஒரு தலை முடிந்ததும் கத்தரியைக் கிருமி சாக ஸ்பிரிட்டில் முக்காமல் அடுத்த தலையைத் தொடமாட்டார். அந்த ஸ்பிரிட்டை விற்பவள் நான். பக்கத்து மருந்துக்கடை என்னுடையது.

மகள் பிறந்த வருடம் அவர் வைத்த எலுமிச்சையின் பதியன்தான் எங்கள் எல்லோர் வீட்டிலும் நிற்கிறது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும், "என்னடா பேராண்டி, முடி வளந்து போச்சு" என்று தோட்டக் கத்தரியால் அந்த மரத்தில் நாலு கிளையைக் கழித்துவிடுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இந்த வருடம் எங்கள் கழகத்து டிரைவர் வீட்டு எலுமிச்சையில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வளையம். இலை கொட்டி, கிளை காய்ந்து, மரம் மொட்டையானது. அடுத்து டீச்சர் வீடு. மூன்றாவது என் வீடு. கெட்ட உரம் கொடுத்துவிட்டார் என்று ஆத்திரத்தில் உரக்கடைக்காரரை நடுத்தெருவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம் அந்த மனிதர்.

நாங்கள் போய்வந்த வரிசையிலேயே மரங்கள் சாகின்றன என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

நேற்று மத்தியானம் அண்ணன் ஸ்பிரிட் வாங்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. முதல்நாள்தான் மகள் வந்து போயிருந்தாள். மருமகனுக்கு இருநூறு எலுமிச்சை மரம். குடும்பம் சாப்பிடுவதே அதில்தான். அப்பா மரத்தின் கன்று ஒன்று தன் தோட்டத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.

பாட்டிலை நீட்டியபோது ஏனோ கேட்டேன். "அண்ணே, தோட்டக் கத்தரியையும் இதுலதான் முக்குவீங்களா?"

"செடிக்கு என்னம்மா, பேனும் பொடுகுமா இருக்கு?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "டிரைவர் வீட்டுக்கு அப்புறம் டீச்சர் வீட்டுல வெட்டினீங்க. அப்புறம் என் வீட்டுல" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் முகம் வெளுத்தது. பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவள் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"அப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். கன்னு நட்டாச்சு."

"அம்மாடி, அத உடனே பிடுங்கி எரிச்சிடு. ஏன்னு கேக்காத."

"என்னப்பா நீங்க, விளையாடுறீங்களா? சரி, அத விடுங்க. கன்னுகூட உங்க தோட்டக் கத்தரியையும் குடுத்தீங்களே, என்னமா வெட்டுது! காலையிலேருந்து ஆள் மாத்தி ஆள் மரம் மரமா கிளை கழிச்சிட்டிருக்கோம். இன்னும் ரெண்டே வரிசைதான் பாக்கி."