மேற்படி போட்ட அட்டைகள்

எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையின் இலையில் விழும் புள்ளியைப் பற்றி உலகத்தில் யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு அப்போது வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டது. அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தேன். வேலையை விடாமலே சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்து வைத்திருந்தேன். அந்தப் பட்டம் வந்தால் காலேஜ் வாத்தியார் ஆகலாம். வராவிட்டால் எட்டாம் வகுப்புக்கு ஆக்சிஜன் தயாரித்துக் காட்டிக்கொண்டே ரிடையர் ஆகலாம். மூன்றாவது வழி ஒன்று இருந்திருந்தால் எனக்கு அது தெரியவில்லை.

இலையில் புள்ளி விழுந்தால் வயலில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே, புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று ஊரில் கேட்பார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நாம் புதிதாக ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், நமக்கு முன் எழுதியவர்கள் அத்தனை பேரையும் படித்திருக்க வேண்டும். யார் எழுதியது, எந்த ஜர்னல், எந்த வருஷம், எந்த வால்யூம், எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் பட்டியல் போட்டு, அதை வைத்து முதல் அத்தியாயம் எழுத வேண்டும். என் வழிகாட்டியான பேராசிரியர் இந்த விஷயத்தில் மகா கறார். "முதல் அத்தியாயத்தை ஒழுங்காக் கொடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்பார்.

செஞ்சியில் இருந்த வாசகசாலையில் தினசரிகளும் வாரப் பத்திரிகைகளும் கிடைக்கும். ஜர்னல் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்துத் திண்டிவனம், அங்கிருந்து சென்னை. அமாவாசையும் சனிக்கிழமையும் சேர்ந்துவிட்டால் பாதி பஸ் மேல்மலையனூர்க் கோயிலுக்குத் திரும்பிவிடும், அன்றைக்கு என் ஆராய்ச்சிக்கு அங்காளம்மன் லீவு விட்டுவிடுவாள். நல்ல நாளிலேயே கல்லூரி நூலகத்துக்குள் நுழையப் பதினோரு மணி ஆகும். ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்த ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் கனமான வால்யூம்களைத் தூக்கி வந்து, பின்னால் இருக்கும் பொருள் அட்டவணையில் நிலக்கடலையைத் தேடி, பக்கத்தைப் பிடித்து, சாரத்தைக் கையால் எழுத வேண்டும். படியெடுக்கிற மெஷினெல்லாம் நாங்கள் கேள்விப்பட்டதோடு சரி. கையெழுத்துதான். விரல் வீங்கிப்போகும்.

ஒரு கட்டுரைக்கு ஓர் அட்டை. கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வெட்டி மிச்சமான துண்டுகளை வாங்கி வைத்திருந்தேன். ஒரு நாள் எழுதிய அட்டைகளை அடுக்கிக் கோணி ஊசியால் ஒரே குத்தாகக் குத்தி, ஏற்கெனவே இருக்கும் சணல் கயிற்றில் கோத்துவிடுவேன். மூன்று வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் அட்டை சேர்ந்துவிட்டது. ஆணியில் தொங்கவிட்டிருப்பேன். அதைப் பார்க்கும்போது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வரும்.

என் அப்பாவுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. எழுதத் தெரிந்த நாளிலிருந்து காலேஜுக்குப் போகும்வரை, வெளியூருக்கு அனுப்பும் சரக்குப் பட்டியலை நான்தான் எழுதுவேன். அச்சு வெல்லம் ஒரு சிப்பம், மேற்படி உருண்டை இரண்டு சிப்பம். துவரம் பருப்பு ஒரு மூட்டை, மேற்படி உடைத்தது அரை மூட்டை. ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவனைக் கடைத்தெருவில் கேலி செய்வார்கள். மேற்படிக்கென்று ஒரு சுழி உண்டு, பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிடலாம். அந்தச் சுழி என் கையில் ஊறிப்போனது.

நூலகத்திலும் அதைத்தான் போட்டேன். ஒரே ஜர்னலை வருஷ வாரியாகப் பார்த்துக்கொண்டே வருவேன். முதல் அட்டையில் ஜர்னல் பெயர் முழுசாக இருக்கும். அடுத்த அட்டையில் ஒரு சுழி. வருஷமும் அதுவேயானால் அதற்கும் ஒரு சுழி. எழுதியவர் பெயர், பக்கம், சாரம் மட்டும் புதிது. இப்படிப் பண்ணினால் ஒரு நாளைக்கு நாலு அட்டை கூடுதலாக எழுத முடிந்தது. கயிற்றில் இருக்கும்வரை அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. புரட்டிக்கொண்டே வந்தால் எல்லாம் பளிச்சென்று புரியும்.

ஒரு மாதத்தின் முதல் வாரத்தில் பேராசிரியரிடமிருந்து கார்டு வந்தது. இந்த மாதக் கடைசியோடு தாம் ஓய்வு பெறுவதாகவும், அதற்குப் பின் என் விஷயத்தை எடுத்துக்கொள்ளத் துறையில் ஆள் இல்லை என்றும், தாம் கையெழுத்துப் போட்ட முதல் அத்தியாயம் அதற்குள் ஆபீசுக்குப் போகாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி. பட்டியல் ஆசிரியர் பெயர்களின் அகரவரிசையில் இருக்க வேண்டும்.

அதற்கென்ன! அந்த ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில் கயிற்றை அவிழ்த்தேன். ஏ-யில் ஆரம்பிப்பவர்கள் ஒரு குவியல், பி-யில் ஒரு குவியல் என்று தரையெல்லாம் பரப்பி, மத்தியானத்துக்குள் முந்நூறையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டேன். விசில் அடித்துக்கொண்டே அடுக்கினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முதல் அட்டை சரி. இரண்டாவதில் எழுதியவர் பெயர், ஒரு சுழி, வருஷம், வால்யூம் பதினாலு, பக்கம் இருநூற்றுப் பதினொன்று. மூன்றாவதில் இரண்டு சுழி, ஒரு பக்க எண். நாலாவதிலும் அப்படியே. பரபரவென்று மொத்தத்தையும் புரட்டினேன். மூன்றில் இரண்டு பங்கு அட்டைகளில் சுழிதான் இருந்தது.

அப்பா மாடிக்கு வந்தார். "இன்னாடா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?"

சொன்னேன். அவர் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாது, சுழி தெரியும்.

"மேற்படின்னா மேல இருக்கறதுதான? மேல இன்னா இருந்துச்சுன்னு பாரேன்."

"அந்த மேலதான் எங்க இருக்குதுன்னு தெரியலயே, நைனா. கலைச்சுட்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "சீட்ட யாராவது கலைப்பாங்களாடா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஊசி குத்திய ஓட்டை அவர் கண்ணில்தான் பட்டது. ஒரே நாளில் குத்திய அட்டைகளில் ஓட்டை ஒரே இடத்தில் இருக்கும் அல்லவா? கடை சாத்தும் மத்தியான வேளைகளில், தூங்காமல், கோணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டைக்கு ஓட்டை பொருத்திப் பார்த்தார். ஒரு வாரத்தில் அட்டைகள் நாள் வாரியாகப் பிரிந்தன. ஆனால் ஒரே நாளில் நான் நாலு ஜர்னல் பார்த்திருப்பேன். எந்தச் சுழி எந்த ஜர்னலுடையது என்று ஓட்டை சொல்லுமா? அப்பா சலிக்காமல் அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே சகிக்கவில்லை.

மாதக் கடைசிக்குள் இரண்டு சனிக்கிழமைதான் மிச்சம். முதல் சனிக்கிழமை நூலகத்துக்கு ஓடினேன். எழுதியவர் பெயரை வைத்துக் கட்டுரை வந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் கட்டுரைச் சுருக்க வால்யூம்கள் அங்கே ஒரு வரிசை இருந்தன. அலமாரி காலி.

"அதெல்லாம் மறு பைண்டிங்குக்குப் போயிருக்கு சார்" என்றார் நூலக உதவியாளர். "கரையான் அரிச்சுடுச்சு. வர ரெண்டு மூணு மாசம் ஆகும்."

அடக் கஷ்டகாலமே! இருக்கிற வால்யூம்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். சாயங்காலத்துக்குள் இருபத்தைந்து அட்டை சரியானது. அடுத்த சனிக்கிழமை இன்னும் இருபது. அப்புறமும் நூற்றுக்கும் மேல் அநாதையாகக் கிடந்தன.

அதற்கப்புறம் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊகித்தேன். இவர் ஆப்பிரிக்காவில் இருந்தவர், அதனால் அந்த ஜர்னலில்தான் எழுதியிருப்பார். வால்யூம் எண் சின்னது, அதனால் புது ஜர்னலாக இருக்கும். இப்படி ஆரம்பத்தில் யோசித்து யோசித்துப் போட்டவன், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். நல்ல வெள்ளைத் தாளில், அழகான கையெழுத்தில், முந்நூற்றுச் சொச்சம் பெயரையும் அகரவரிசையில் எழுதி முடித்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. படிக்காத எதையும் நான் அதில் சேர்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட.

கடைசி நாளன்று லீவு போட்டுவிட்டு நேரில் கொண்டுபோனேன். பேராசிரியர் அறையில் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அத்தியாயத்தைப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். பட்டியலை எடுத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இந்த ஜர்னல் அந்த வருஷம் வரவே இல்லையே. ஆரம்பிச்சதே ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே?"

எட்டிப் பார்த்தேன். நான் ஊகித்துப் போட்டவற்றில் ஒன்று.

"இந்தக் கட்டுரையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"எதுல?"

நடந்ததெல்லாம் சொன்னேன். கயிறு, சுழி, பைண்டிங், எல்லாம். அவர் கோபப்படவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"நிச்சயமாத் தெரிஞ்சதுக்கு மட்டும் டிக் போடுங்க. இருக்கிறதை வச்சுக் கையெழுத்துப் போடறேன்."

அவர் அவ்வளவு தூரம் இறங்கி வந்தார். நான் பென்சிலை எடுத்தேன். முதல் பெயருக்கு டிக் போட்டேன். இரண்டாவது? அது சனிக்கிழமை தேடிக் கண்டுபிடித்ததா, நானாகப் போட்டதா? ஒரே மசி, ஒரே கையெழுத்து. அட்டைகளோ செஞ்சியில் இருந்தன. முதல் பக்கத்தில் பதினொன்றுக்கு டிக் போட்டேன். பிறகு அதில் நாலை அடித்தேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது முதல் பக்கத்தில் மிச்சமிருந்த ஏழும் சந்தேகமாகிவிட்டன. மூன்று வருஷம் விரல் வீங்க எழுதியவன், இதை நான் பார்த்தேன் என்று ஒன்றைக்கூடத் துணிந்து சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சிவப்புப் பென்சிலை என்னிடமிருந்து திரும்ப வாங்கி வைத்தார். பிறகு, "நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எவனாவது ஒருத்தன் இதை நம்பித் தேடிக்கிட்டு அலைவான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

பட்டியலை நானே எடுத்து மடித்துக்கொண்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொன்னேன்.