நாலாவது பக்கம்

ஆறாம் வகுப்பில் சுற்றளவு படித்த கிழமை முழுக்க நான் எதையாவது சுற்றிக்கொண்டே திரிந்தேன். கதவு, மேசை, அலுமாரி, ஒன்றையும் விடவில்லை. பக்கங்களைக் கூட்டக் கூட்ட ஒருவித மயக்கம் வரும். ஒரு பக்கத்தை விட்டாலும் சைபர்தான் என்று கணக்கு ரீச்சர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா எங்கள் வீட்டு வளவுக்கு முள்ளுக்கம்பி அடிக்க நினைத்தார். இறக்கக்கண்டி ஊர் மாடுகள் கத்தரிக்கன்றுகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. "வேலிக்கு அளந்து வை பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தோணிக் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு அளந்தேன். மத்தியான வெயிலில் கடல் எங்கோ தூரத்தில் இரைந்தது. நடப்பது நானா, வளவா என்று தெரியாத மாதிரி இருந்தது. நீளம் முப்பது, அகலம் இருபது. செவ்வகத்துக்கு இரண்டு பக்கம் அளந்தாலே போதும். ஆசை விடவில்லை, நாலாவது பக்கத்துக்கும் போனேன்.

அந்தப் பக்கத்தில் வேலி ஒருநாளும் இருந்ததில்லை. அங்கால் அப்பாவின் தங்கை, என் மாமி, தனியாக இருந்தார். அவருடைய வளவில் கிணறு இல்லை. குடத்தோடு நேரே நடந்து வந்து எங்கள் கிணற்றில் அள்ளுவார். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க நான் மாமியைத்தான் கூப்பிட்டேன்.

"இந்தப் பக்கமும் அளக்கிறியோ?"

"ஓம் மாமி, வேலிக்கு."

"அப்பாவோ அளக்கச் சொன்னவர்?"

"ஓம்."

மாமி முடிச்சைச் சரியாகப் பிடித்துத் தந்தார். மொத்தம் நூறு மீட்டர். அவ்வளவு அழகான விடை எனக்கு அதுவரை வந்ததேயில்லை.

அடுத்த மூன்று நாளும் மாமி தெருமுனைப் பைப்பில் தண்ணீர் பிடித்தார். அம்மா அதைக் கண்டு அப்பாவிடம் சொல்ல, அவர் என் கணக்குக் கொப்பியைப் பார்த்துவிட்டு நேரே மாமி வீட்டுக்குப் போனார். "பிள்ளை பாடத்தைக் கதைச்சிருக்கு. நீ அதை நம்பினனியோ?" என்று கேட்டது எங்கள் முற்றம் வரைக்கும் கேட்டது. கம்பி மூன்று பக்கத்துக்குத்தான் வாங்கினார். என் நூறு மீட்டர் வீணாய்ப் போனதில் எனக்குச் சரியான கோபம்.

மாமி திரும்பவும் வந்தார். ஆனால் வேலியில்லாத அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, "மச்சாள், தண்ணி அள்ளட்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். முன்பு ஒருநாளும் கேட்டதில்லை. "அள்ளுங்கோவன், இதென்ன கேள்வி" என்று குசினி அடுப்பை விட்டுவிட்டு அம்மா வாசலுக்கே வந்து சொல்வார். மாமி நல்ல பழக்கம் பழகிவிட்டார் என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.