உப்புக் கரிக்காத தண்ணீர்

கயத்தாறு அருகே ஓர் ஓடையில், கையுறை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குச் சேறு அள்ளிக்கொண்டிருந்தேன். தலைத்துண்டும் வெற்றிலைக் கறைப் பல்லுமாக ஓர் ஆட்டுக்காரர் வந்தார். ஆடுகளைக் கம்பால் மறித்துவிட்டு, தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகுதான் அவற்றை இறங்கவிட்டார்.

“உப்புக் கரிக்கல சார், நல்ல தண்ணிதான். கரிசக்காட்டுல அதைத்தான் மொதல்ல பாக்கணும்,” என்றார்.

போன மாதம் இங்கே எடுத்த தண்ணீரில் ஈயம் இருந்தது எனக்குத் தெரியும். ஈயம் நாக்குக்குத் தெரியாது. முடிவை வெளியே சொல்லக்கூடாது என்பது மேலதிகாரி உத்தரவு.

“ஏதும் கோளாறுன்னா சொல்லிருவீங்கள்லா?” என்று கேட்டார்.

“சொல்லிருதேன் அண்ணாச்சி,” என்றேன்.

இப்போதும் மாதம் ஒருமுறை அந்த ஓடைக்குப் போகிறேன். ஆட்டு மணி கேட்டால் ஜீப்பை உடைமர நிழலில் ஒதுக்கிவிட்டு, அவர் ருசி பார்த்துத் துப்பி, ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக் கிளம்பும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன்.